கதவில் இல்லாத புள்ளிகள்

14.6.2004
இன்றைக்கு முப்பத்தொரு புள்ளி. பெயிண்ட் காய்ந்த கார் கதவில் தூசு, கொப்புளம் இருந்தால் மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுவது என் வேலை. வட்டத்தைத் தேய்த்து மெருகேற்றுவது வேல்ராஜ் வேலை. தூத்துக்குடிக்காரன், வாயே திறக்கமாட்டான். சூப்பர்வைசர் தாண்டவராயன் வந்து பார்த்து, “இன்னாய்யா பழனிவேலு, வண்டிக்கு அம்மை போட்டுச்சா?” என்றார். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

17.6
மோர் டம்ளரிலும் மூன்று புள்ளி. கையால் விரட்டினேன்.
“ஈயே இல்ல, இன்னாத்த வெரட்டிக்கினு கீற?” என்றாள் அலமு. பெண்டாட்டி சொன்னால் தப்பாகுமா? டாக்டரிடம் போகிறேன்.

19.6
காஞ்சிபுரம் கண் டாக்டர். பதினோரு வருஷத்துச் சர்க்கரை கண்ணுக்குள் ரத்தம் கசிய வைத்திருக்கிறதாம். புள்ளி கதவில் இல்லை, என்னிடம். லேசர் வைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் சர்க்கரையும் பிரஷரும் குறைய வேண்டும். இன்று சர்க்கரை 312.
“வெச்சா பார்வை திரும்புமா சார்?”
“போனது வராது. இருக்கிறது நிக்கும். லேட் பண்ணா அதுவும் போயிடும்.”
அப்படியென்றால் இத்தனை நாள் நான் போட்ட வட்டமெல்லாம்?

21.6
வழி கண்டுபிடித்துவிட்டேன். தலையை ஆட்டிப் பார்ப்பது. புள்ளியும் கூடவே ஆடினால் அது என்னுடையது. நின்றால் கம்பெனியுடையது. சாயங்காலம் கழுத்து வலி.

25.6
கேன்டீனில் பாயசம். பார்த்ததோடு சரி.

28.6
வேல்ராஜிடம் சொன்னேன்.
“தெரியும் அண்ணாச்சி. ரெண்டு மாசமா ஒண்ணுமில்லாத எடத்தத்தான் தேச்சுக்கிட்டிருக்கேன். நீங்க விட்டதையும் சேத்து.”
ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.
“சொன்னா உங்கள அந்த எடத்துல இருந்து தூக்கிருவாங்கல்லா?”
அவன் மேல எதுக்குக் கோவம்? எல்லாம் பயம். கண்ணு போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன் — பாக்கிறதத் தவிர இன்னா வேல தெரியும் எனக்கு?

30.6
தாண்டவராயனிடம் நானே சொல்லிவிட்டேன். லீவு லெட்டரில் காரணம்: கண். இரண்டு தடவை படித்தார்.
“இனிமே உன்ன செக்கிங்ல வெக்க முடியாதுய்யா.”
தெரியும் என்றேன். ஆறு வருஷத்தில் எத்தனையாவதோ, அந்தப் பென்சிலை மேஜையில் வைத்தேன். பாதி தேய்ந்திருந்தது.

3.7
லேசர். நேற்றுப் பார்த்த சர்க்கரை 170. ஆபரேஷன் மாதிரி என்று நினைத்து, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு போனேன். கை நடுங்கி, சட்டையெல்லாம் வேர்த்துவிட்டது. “சாப்ட்டு வரணும்னு சீட்ல எழுதிக் குடுத்தோமே, படிக்கலயா?” என்றார் நர்ஸ் காந்திமதி. படிக்க முடிந்தால் இங்கே எதற்கு வருகிறேன்? சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டதாம், குளுக்கோஸ் கொடுத்தார்கள். பதினோரு வருஷத்தில் ஆஸ்பத்திரியே ஊட்டிவிட்ட முதல் இனிப்பு. பிறகு பச்சை வெளிச்சம், சுருக் சுருக்கென்று. முந்நூறு வரை எண்ணினேன். வெளியே வந்தால் ஒரே மங்கல். அலமு கையைப் பிடித்து பஸ் ஏற்றினாள். அழுதாளோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.

9.8
மூன்று தடவை லேசர் முடிந்தது. இருக்கிறது நிற்கிறது என்றார் டாக்டர். இன்று வேலைக்குப் போனேன். இப்போது வேல்ராஜ் வட்டம் போடுகிறான், நான் தேய்க்கிறேன். நாலாவது கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு கொப்புளம். வட்டம் இல்லை. தலையை ஆட்டிப் பார்த்தேன். நின்றது.
அவனிடம் சொல்லவில்லை. தேய்த்துவிட்டேன்.