வெள்ளி வெளியேறும் முன் வந்து சேர்க

மழை பொய்க்காத மலையும் மரக்கலம் ஒதுங்கும் கரையும் உடைய வெள்ளருவி நாட்டை நீதி வழுவாது ஆளும், ஏழு அருவிகளின் தலைவி, நெடுமதில் நகரத்து அரியணைக்கு உரியவள், மாமணித்தேவி எழுதுவித்த திருமுகம்.

நுரையாற்றுக்கு அக்கரையில் கன்னல்நாட்டைக் காக்கும் வேள், கரும்புக்கொடி உயர்த்தியவர், நம்முடன் பிறந்த இளையவர், நெடுங்கீரனார் காண்க. உமது ஆற்றில் நீர் குறையாதிருக்க. உமது வயலை நோய் அணுகாதிருக்க. உமது நாட்டார் பசியறியாது நெடுநாள் வாழ்க. உமக்கு இன்னும் பல பட்டங்கள் உண்டு, அவற்றையும் எழுதினால்தான் முறை என்று நம் ஓலைநாயகம் எழுத்தாணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவற்றை நீர் இங்கே வந்து நேரில் கேட்டுக்கொள்ளலாம். இன்று அதற்கு நேரம் இல்லை.

சேதி இதுதான். வெள்ளி இன்று காலையில் கதிரவனின் முகத்துக்குள் நுழைந்துவிட்டது. ஒரு மிளகைப் போலக் கறுத்து மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. உச்சிப்பொழுது சாயும் வேளையில் மறு விளிம்பைத் தொட்டு வெளியேறிவிடும். அதற்கு முன் நீர் நமது வானோக்கு மாடத்துக்கு வந்தாக வேண்டும். வந்து, ஓர் இருக்கையை உமது கையால் திருப்பி வைக்க வேண்டும். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

நுரையாற்றுப் பாலத்துக் காவலர்கள் இவ்வோலையைப் படித்தே உமக்கு வழிவிடுவார்கள். பழைய கட்டளை ஒன்றை நீக்கும் ஓலை அக்கட்டளை பிறந்த வகையையும் சொல்ல வேண்டும் என்பது நம் முன்னோர் வைத்த விதி. ஆகவே நீர் நன்கு அறிந்தவற்றையும் சொல்கிறோம். குதிரைக்குச் சேணம் பூட்டி முடிக்கும் வரை நமக்கும் வேறு வேலை இல்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பும் வெள்ளி இவ்வாறே கதிரவனைக் கடந்தது. நம் அவையின் பெருங்கணி குவளையார், புகையூட்டிக் கறுக்கச் செய்த வில்லை பதித்த பளிங்குக் குழலில் கண் வைத்து நோக்கினார். வெள்ளி பாதி உள்ளும் பாதி வெளியுமாக நின்ற சிறு பொழுதில், வெளியே நின்ற பாதியைச் சுற்றி மயிரிழையாய் ஓர் ஒளிக்கோடு ஓடக் கண்டார். வெறும் கல்லாய்க் கிடக்கும் உலகுக்கு அக்கோடு வராது என்றும், காற்றைப் போர்த்திய உலகுக்கே வரும் என்றும், கதிரவனின் ஒளி அக்காற்றில் வளைந்து நம் கண்ணை அடைகிறது என்றும் அவையில் உரைத்தார். நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் உலகுக்கும் காற்று உண்டு என்று கேட்டதும் நாம் அரியணையை விட்டே எழுந்துவிட்டோம். நகரமெங்கும் தோரணம் கட்டச் சொன்னோம். அங்கே செல்ல எத்தனை யானைகள் வேண்டும் என்று படைத்தலைவர் வினவினார். இன்று காலையும் அதையே வினவினார்.

அன்று அந்த நிறைந்த அவையில்தான் நீர் எழுந்தீர். நீர் சொன்னதை உமது வாய்ச்சொல்லாகவே எழுதுமாறு பணித்திருக்கிறோம். ஓலைநாயகம் முகம் சுளிக்கிறார், சுளிக்கட்டும். "அக்கா, அன்னைக்குக் காத்து எங்க பக்கமிருந்து அடிச்சுது. எங்க ஆலைப் புகை உங்க மாடத்து மேலேயே நின்னுச்சு. பெருங்கணி பார்த்தது வெள்ளியோட காத்தா, எங்க வெல்லம் காய்ச்சுன புகையா?" என்று கேட்டீர். அவையில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நாம் இன்னும் மறக்கவில்லை.

பெருங்கணியின் சொல்லை அவையில் ஒருவர் ஐயுற்றால், ஐயம் தீரும் வரை அப்பெருங்கணியின் இருக்கை சுவர் நோக்கித் திருப்பி வைக்கப்படும். அதுவரை அவர் குழலில் கண் வைக்கலாகாது. ஐயுற்றவர் தெளிந்து, தம் கையாலேயே அவ்விருக்கையைத் திருப்ப வேண்டும். பார்ப்பதற்குத் தம் வீட்டார் கண்ணை அனுப்பலாம். திருப்புவதற்கு மட்டும் வேறு கை ஆகாது. இது நம் பாட்டனார் காலத்து விதி. அந்த விதி நமக்குப் பிடிக்கவில்லை. ஆகவே நீர் உமது சொல்லைத் திரும்பப் பெறும் வரை பாலம் தாண்டி நகருக்குள் அடி வைக்கக் கூடாது என்று கட்டளையிட்டோம். நீரும் திரும்பப் பெறவில்லை, நாமும் தளர்த்தவில்லை. அக்காளும் தம்பியும் ஒரே பிடிவாதம் என்று ஊர் பேசிக்கொண்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் குவளையார் உம்மேல் ஒரு நாளும் சினந்தாரில்லை. அவை கலைந்ததும் தாமே தம் இருக்கையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அமர்ந்தார். நாம் உம்மைத் திட்டும்போதெல்லாம், "அவரு கேட்டது சரியான கேள்வி, தாயே. நானே கேட்டிருக்கணும், சந்தோஷத்துல மறந்துட்டேன்" என்பார். சுவரைப் பார்த்தபடியே இத்தனை ஆண்டும் கணக்கிட்டு, வெள்ளி இன்று எப்போது நுழையும், எப்போது வெளியேறும் என்று சொல்லி வைத்தார். அவர் சொன்ன பொழுதில் அது நுழைந்தது.

இம்முறை புகை இருக்கக் கூடாது என்று உமக்கு இருமுறை ஆணை விடுத்தோம். வெட்டிய கரும்பு காத்திருக்காது, பிழிந்த சாறு புளித்துவிடும், ஆணைக்கு அஞ்சி அடுப்பை அணைப்பதாக இல்லை என்று இருமுறையும் மறுத்தீர். படைத்தலைவரை அழைத்தோம். அவரும் மிக மகிழ்ச்சியாகவே வந்தார். குவளையார்தாம் குறுக்கே நின்று, வேல்முனையை நீட்டி அணைத்த அடுப்பால் யாருடைய ஐயமும் தீராது என்று தடுத்தார்.

நிலைமை இவ்வாறிருக்க, நேற்று மாலை உமது மனைவியார் பூங்குழையார், அழையாமலே, ஒரு குடம் கரும்புச் சாற்றோடு நம் வாயிலில் வந்து இறங்கினார். நீர் ஒவ்வோர் ஆலைக்கும் நடந்து போய், ஆணையிடாமல், கைகூப்பிக் கேட்டு அடுப்புகளை அணைக்கச் செய்ததைச் சொன்னார். புகையால் பெருங்கணி தோற்றார் என்ற பேச்சும் வேண்டாம், புகையால் நீர் வென்றீர் என்ற பேச்சும் வேண்டாம் என்று உம் நாட்டாரிடம் சொன்னீராம். பிழிந்த சாற்றை வீணாக்க மனமின்றி ஊரே குடிக்கிறதாம், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்காம். மருத்துவரை இந்தக் குதிரையின் பின்னாலேயே அனுப்புகிறோம். தம்பி, இதைக் கேட்டு நாம் அழுதோம். ஓலைநாயகமே, அதையும் எழுதும்.

இன்று காலை கதிரவன் எழுந்தபோது உமது நாட்டின் மேல் ஒரு நூல் புகை இல்லை. நமக்கு நினைவு தெரிந்து கன்னல்நாட்டு மலைகளை அத்தனை தெளிவாகக் கண்டதில்லை. உமது கண்ணாகப் பூங்குழையார் குழல் முன் அமர்ந்தார். குவளையார் சுவரைப் பார்த்தபடி வேளையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளி பாதி நுழைந்தது. பூங்குழையார் குழலோடு இன்னும் நெருங்கிக் குனிந்தார். பிறகு எழுந்து, எவர் தடுத்தும் கேளாமல், கறுத்த வில்லையைத் தொடாமல் குழலின் முன்முனைப் பளிங்கை முந்தானையால் துடைத்துவிட்டு மீண்டும் அமர்ந்தார். "மதினி, பாகு கொதிக்கிறப்ப கொப்பரை விளிம்புல ஒரு நுரைக்கோடு நிக்குமே, அது மாதிரி சுத்தி நிக்குது. தொடச்சும் போகல" என்றார். நம்மையும் இழுத்து அமர்த்தினார். நாமும் கண்டோம். மெல்லிய கோடுதான். ஆனால் அந்தக் கறுப்பைச் சுற்றி உயிரோடு இருப்பது போல் நின்றது. "எங்க வீட்டுக்காரரு தோத்துட்டாரு மதினி. யாராவது ஓடிப்போய்ச் சொல்லுங்க, ரொம்பச் சந்தோஷப்படுவாரு" என்று சொல்லி உமது மனைவியார் கை தட்டினார்.

ஆகவே அறிக: வெள்ளிக்குக் காற்று உண்டு. உயிர் உண்டோ என்று நாம் கேட்டோம். காற்று உண்டு என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது என்று குவளையார் சுவரிலிருந்தே அதட்டினார். பிறகு அவரே மனம் இளகி, அவ்வுலகம் எப்போதும் மறுவின்றி வெளுத்துத் தெரிவதால் அதன் வானம் முழுதும் மேகம் மூடியிருக்கலாம் என்றும், அங்கே உயிர் இருந்தால் அது விண்மீனையே பார்த்திராத உயிராக இருக்கும் என்றும் சொன்னார். "பாவம், அங்கயும் யாராவது, அடுப்ப அணைங்க, கொஞ்சம் வெளிய பாக்கணும்னு கத்திக்கிட்டு இருப்பாங்களோ" என்றார் பூங்குழையார். அனைவரும் சிரித்தோம். நமக்கென்னவோ அப்படி ஒருவர் அங்கே இருப்பார் என்றே தோன்றுகிறது. அவருக்கும் நல்ல தம்பி ஒருவன் வாய்க்கட்டும்.

இனி நம் துயரத்தைக் கேளும். உமது மனைவியார் ஐயம் தீர்ந்தது என்று அவையறியச் சொல்லியும் குவளையார் திரும்ப மறுக்கிறார். இருக்கையைத் திருப்ப வேண்டியது உமது கை, அந்தக் கை பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. விதியை மாற்றி எழுத நமக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னோம். திரும்புமாறு ஆணையும் இட்டோம். "ஆணைன்னா உடம்பத் திருப்புறேன், தாயே. கண்ண மூடிக்குவேன்" என்றார். இப்படிப்பட்டவரை என்ன செய்வது?

வெள்ளி வெளியேறும்போதும் அக்கோடு ஒரு சிறு பொழுது தோன்றும். இதை விட்டால் வெள்ளி மீண்டும் கதிரவனைக் கடக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்கிறது அவருடைய கணக்கு. நாமும் இருக்க மாட்டோம், நீரும் இருக்க மாட்டீர், நம் பேரப்பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள். எட்டு ஆண்டு சுவரைப் பார்த்தவர் இன்றும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்து அந்தக் கோட்டை இழப்பாரானால் நமக்குச் சோறு இறங்காது.

ஆதலால் நாம் இடும் கட்டளை. கன்னல்வேள் நெடுங்கீரனார் நுரையாற்றுப் பாலத்தைத் தாண்டலாகாது என்ற கட்டளை இந்த முத்திரையின் முன் செல்லாது. காவலர்கள் இதைக் கண்ட அளவிலே கதவைத் திறக்க. அவரை நிறுத்தி வணங்க வேண்டாம். நகர வீதிகளில் வண்டிகள் ஒதுங்கி நிற்க. மாடத்தின் படிகளில் எவரும் நில்லாதிருக்க. கன்னல்நாட்டாருக்குக் கட்டளை ஏதும் இல்லை. உச்சி சாயும் வரை அடுப்புகள் அணைந்தே இருக்கட்டும் என்று அவர்களை வணங்கிக் கேட்டுக்கொள்கிறோம். ஆறிய பாகுக் கொப்பரையில் கதிரவனின் உருவைப் பார்க்க அவர்களுக்கு நீர் சொல்லிக்கொடுத்தீர் என்று பூங்குழையார் சொன்னார். நீரும் இந்நேரம் ஏதோ ஒரு கொப்பரையின் மேல் குனிந்து நிற்பீர். நிமிரும். இக்குதிரை களைத்திருக்கும், உமது குதிரையில் ஏறும்.

அருவி விழும் வரையும் மலை நிற்கும் வரையும் இச்சொல் நிற்க. ஏழருவி முத்திரை இட்டோம். அரக்கு இன்னும் ஆறவில்லை, பார்த்துப் பிடிக்க.

கீழே உள்ளது என் கையெழுத்து. ஓலைநாயகத்திடம் எழுத்தாணியைப் பிடுங்கிக்கொண்டேன்.

தம்பி, வழக்கை எல்லாம் சாப்பிடும்போது பேசிக்கொள்ளலாம். நீ கேட்டது சரியான கேள்வி என்று நானும் சொல்கிறேன், ஊரறியச் சொல்கிறேன். குவளையார் திரும்பாமலே, "பாலத்துப் பக்கம் குதிரைச் சத்தம் கேக்குதா?" என்று பூங்குழையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை ஆண்டில் அவர் தமக்கென்று கேட்ட ஒரே கேள்வி அது. இதை நீ இன்னும் நின்று படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் அதுவே தாமதம்.

புறப்படு.