மூன்று பேருக்கும் ஒரே டோரீன்

க்ளன்பரி
செப்டம்பர் 19

அன்பு மகள் ஹெஸ்டருக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் என் புது இடுப்பு மூட்டும் சௌக்கியம், அங்கே ஹோபார்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் இன்னும் முகம் காட்டாத சின்னவரும் அவ்வாறே இருக்க வேண்டும். உன் அம்மாவின் பூசணிக்கு இந்த வருடக் கண்காட்சியில் இரண்டாம் பரிசு, முதல் பரிசு வாங்கியது பூசணி இல்லை, படகு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ போன கடிதத்தில் கேட்ட பெரிய விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இங்கே நடந்த கூத்தைக் கேள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

ஏழை முதியவர்களுக்காக எப்போதோ ஒரு கம்பளி வியாபாரி எழுதி வைத்த ஆறு தரும வீடுகளுக்கு நானும் மிஸ் பார்ஜிட்டரும் பாதிரியார் கிளெமென்ட்டும் அறங்காவலர்கள். நாலாம் எண் வீடு காலியானது. உன்னைப் பள்ளிக்கு ஏற்றிப்போன பஸ் டிரைவர் வில்ஃப் அதைக் கேட்டு மனுப் போட்டிருந்தார், அவர் வாடகைக்கு இருந்த வீட்டை விற்கிறார்கள், செப்டம்பருக்குள் காலி செய்ய வேண்டும். நகராட்சி விடுதியில் அவருக்கு இடம் இருந்தது, ஆனால் அவர் நாய்க்கு இல்லை. ஒற்றைக்கண் நாயை விட்டுவிட்டு அவர் எங்கே போவார்? மிஸ் பார்ஜிட்டரோ நாயே கூடாது என்பவர். ஆகஸ்டு கடைசியில் கூடி முடிவெடுப்பதாகச் சொல்லி மூவரும் கலைந்தோம்.

கூரை ஒழுகினால் கொத்தனாரை அமர்த்தலாம், ஆனால் வீடு யாருக்கு என்பதை நாங்களேதான் தீர்மானிக்க வேண்டும். தலையை வாடகைக்கு விடக் கூடாது என்பது ஏற்பாடு. ஒரே ஒரு சன்னல் திறந்திருக்கிறது: ஓர் அறங்காவலர் தன்னால் இயலாதபோது தன் பங்கு அதிகாரத்தை மட்டும், அதிகபட்சம் ஒரு வருடத்துக்கு, சாட்சியோடு பவர் பத்திரம் எழுதி ஒருவருக்குக் கொடுக்கலாம், ஏழு நாளுக்குள் மற்றவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் செய்யும் தப்பு கொடுத்தவர் தலையில். எனக்கு ஆபரேஷன். சாவிக்கொத்தோடு அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் டோரீனுக்கு எழுதிக் கொடுத்தேன், மற்ற இருவர் வீட்டிலும் கடிதம் போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிஸ் பார்ஜிட்டர் நார்வேயில் பறவை பார்க்கக் கப்பலேறினார், பாதிரியார் ஸ்பெயினுக்கு நடைப்பயணம் போனார். அவர்களும் அதையே செய்திருந்தார்கள், அதே டோரீனுக்கு! அறிவிப்புகள் மூன்று வீட்டுக் கதவடியிலும் பீட்சா விளம்பரங்களோடு சமாதானமாகப் படுத்திருந்தன. சாட்சிக் கையெழுத்து மூன்றிலும் மதுக்கடைக்கார நார்மன்தான். ஏனப்பா சொல்லவில்லை என்றால், “நீங்க யாரும் கேக்கலியே, சார்” என்கிறான்.

திரும்பி வந்து பார்த்தால் நாலாம் எண் சன்னலில் வில்ஃபின் திரைச்சீலை, வாசற்படியில் நாய். மிஸ் பார்ஜிட்டர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்குள் வந்து, “ஒரு பொம்பளை தனியா உக்காந்து கூட்டம் போட்டாளாம், மிஸ்டர் லேக்கன்! இது செல்லவே செல்லாது!” என்று கத்தினார். டோரீனையும் வரவழைத்தோம். அவள் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, “மூணு பேருக்கும் தனித்தனியாத்தான் டீ போட்டேன், மிஸ். உங்க டீல சக்கரை போடல” என்று கூட்டக் குறிப்பை நீட்டினாள். அதை அப்படியே எழுதுகிறேன்: “மிஸ் பார்ஜிட்டர் சார்பில், நாய் கூடாது என்று கடுமையாக எதிர்த்தேன். அந்த நாய் குரைப்பதில்லை என்று பாதிரியார் சார்பில் மெதுவாகச் சொன்னேன். மிஸ் பார்ஜிட்டர் சார்பில் கோபித்துக்கொண்டு சன்னலோரம் போய் நின்றேன். மிஸ்டர் லேக்கன் எப்போதும் இரண்டு பக்க நியாயத்தையும் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுச் சரி என்பார், நேரமில்லாததால் நேராகச் சரி என்றேன். இரண்டுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது.”

மிஸ் பார்ஜிட்டர் அதை இரண்டு முறை படித்தார். “சன்னல்கிட்ட நின்னியா?” என்றார். “கால் வலிக்குற வரைக்கும், மிஸ்” என்றாள் டோரீன். “நான் இருந்திருந்தாக்கூட இவ்வளவு நல்லா எதிர்த்திருக்க மாட்டேன்” என்று ஒப்புக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். வக்கீலும் பத்திரங்களைக் கண்ணாடி மாற்றிப் பார்த்துவிட்டு, தன் கண்ணுக்குக் குற்றம் படவில்லை என்றார். ஞாயிறன்று வில்ஃப் வீட்டில் அனைவருக்கும் சுடச்சுட வேகவைத்த ஆப்பிள் பை பலகாரம். மேசைக்கடியில் நாய்க்கு யாரோ துண்டு துண்டாக ஊட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தக் கையில் பார்ஜிட்டர் குடும்ப மோதிரம் இருந்தது.

இப்போது உன் விஷயம். பிள்ளைக்குப் பெயரை நீங்களே வையுங்கள் அப்பா, அந்தப் பொறுப்பு உங்களுடையது என்று எழுதியிருக்கிறாய். தொட்டில் வாங்கச் சொல், வாங்குகிறேன், வர்ணம் பூசச் சொல், பூசுகிறேன். பெயர் மட்டும் நீங்கள் இருவரும் உட்கார்ந்து, சண்டை போட்டு, ஒருவர் சன்னலோரம் போய் நின்று முடிவு செய்ய வேண்டியது. இதற்குப் பவர் பத்திரம் கிடையாது. என் கருத்தை அறிந்தே ஆகவேண்டும் என்றால் டோரீனைக் கேள், எந்தப் பெயர் சொன்னாலும் என் சார்பில் நேராகச் சரி என்பாள்.

மூவரும் நீடூழி வாழ்க. கனமானதைத் தூக்காதே, அம்மா பின்னிய காலுறை வந்து சேர்ந்ததா என்று மறக்காமல் எழுது.

உன் அன்பு அப்பா,
ஆம்ப்ரோஸ் லேக்கன்
(கையெழுத்து நானே போட்டது)