பின்ஸீட்டிடம் சொன்னது

ஜூலை 4, வெள்ளி

விடியுமுன் எழுந்து வெள்ளைப் பணியாரம். வெள்ளிக்கிழமை என்றால் என் வீட்டுக்காரருக்கு இரட்டைப் பங்கு வேண்டும். அவர் தினம் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். ஒன்று அவருக்கு, ஒன்று அங்கே கூட வேலை செய்யும் காளிதாஸுக்கு. இரண்டு வருஷமாக இதே கதை. அந்தக் காளிதாஸை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் டப்பா கழுவித் துடைத்து, உள்ளே ஒரு டிஷ்யூ மடித்து வைத்து வரும். எந்த ஆம்பளை இப்படிச் செய்வான்? அவன் பெண்டாட்டி கொடுத்து வைத்தவள்.

கிளப் சட்டை வந்துவிட்டது. பதின்மூன்றாம் தேதி லாபிஸில் மோட்டார் சைக்கிள் திருவிழா, ஜோடியாகத்தான் போக வேண்டுமாம். என் வீட்டுக்காரர் வள்ளியப்ப செட்டியாருக்கு ஐம்பத்தாறு வயதில் வந்த ஆசை. போட்டுப் பார்த்தேன். கழுத்தில் தாலி, முதுகில் மண்டை ஓடு.

சாருமதி இருந்தால் போட்டோ எடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

சரி, அந்தப் பேச்சு எதற்கு. பத்திரிகை கொடுத்து, ஊர்க் கோயிலில் கல்யாண மாலைக்கும் சொல்லியான பிறகு, கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது வேண்டாம் என்றவள். “நான் கூப்பிடுற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதே” என்றேன். மிதிக்கவில்லை. சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வருஷம். பெற்று வளர்த்த இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்ன எதையும் கேட்காதவள், இதை மட்டும் கேட்டாள்.

ஜூலை 9, புதன்

ஹெல்மெட்டுக்குள் வைத்துப் பேசும் கருவி வாங்கி வந்திருக்கிறார். இரண்டு பேரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து “ஹலோ, ஹலோ” என்றோம். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இவ்வளவு பேசியதில்லை.

ஏறி உட்கார்ந்ததும் தோளில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அப்புறம்தான் வண்டியை எடுப்பாராம். பெரிய விமானி.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்கே பிடிபடும்.

காலை ஏழுக்குக் கிளம்பினோம். அறுபது மோட்டார், இரண்டு வரிசை. யாரும் யாரையும் முந்தக் கூடாது. எல்லாருக்கும் கடைசியில் லெட்சுமணன். வழியில் யார் நின்றாலும் அவர் நிற்பார். யாரையும் தாண்டிப் போக மாட்டார். அதுதான் கடைசி வண்டியின் வேலை.

லாபிஸ் திடலில் ஒரே புகை, சத்தம். ஜோடிப் போட்டி வைத்தார்கள். கால் ஊன்றாமல் மெதுவாக ஓட்ட வேண்டும், பின்னால் இருப்பவள் கையில் சிரப் தண்ணீர் கிளாஸ். கடைசியில் வருபவருக்குத்தான் முதல் பரிசு. இந்த மனுஷன் வீட்டு வேலையில் காட்டும் வேகம் இன்றைக்கு உதவியது. இரண்டாவதாக வந்தோம். சிரப் பாதி என் தாடையில், மீதி என் ஹெல்மெட் மைக்கில். அதோடு மைக் செத்தது. அவர் பேசினால் எனக்குக் கேட்கிறது, நான் பேசினால் அவருக்குக் கேட்கவில்லை.

“நல்லதாப் போச்சு லா. இனிமே நான் மட்டும் பேசலாம்” என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுதுவானேன்.

அப்புறம் சாப்பாட்டுக் கூடாரம். இவர் யாருடனோ டயர் பார்க்கப் போயிருந்தார். வேறு கிளப் சட்டை போட்ட ஒருவர் வந்து கும்பிட்டார்.

“ஆச்சி, நான் காளிதாஸ். அண்ணன்கூட வேலை செய்றேன். உங்க பணியாரத்தப் பத்தி வாய் ஓயாமச் சொல்றாரு. ஒரு தடவையாச்சும் எங்களுக்கும் குடுத்து விடுங்க ஆச்சி.”

“நீங்க சாப்பிட்டதே இல்லியா?”

“எங்க! வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனா டப்பாவத் தூக்கிக்கிட்டு வெளிய போயிடுவாரு. ரெஸ்ட் முடிஞ்சுதான் திரும்பி வருவாரு.”

அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்று ஏதோ சொன்னேன். அப்படியானால் யார்? யார் அந்த டிஷ்யூவை மடிப்பது?

திரும்பும் வழியில் பாலோவில் பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் அடிக்க நின்றோம். கழிவறைக்குப் போய்வந்து ஏறி உட்கார்ந்து, இரண்டு தட்டுத் தட்டினேன். தட்டிய பிறகுதான் ஞாபகம் வருகிறது, கையுறையைக் கை கழுவும் இடத்தில் விட்டுவிட்டேன். மனம் ஒரு நிலையில் இருந்தால்தானே. “இருங்க, இருங்க” என்று இறங்கினேன். செத்த மைக்கில் சொன்னால் அவருக்கு எப்படிக் கேட்கும்? நான் கையுறையோடு வெளியே வருகிறேன், விசில் ஊதுகிறார்கள், வரிசை நகர்கிறது, இவரும் போய்க்கொண்டே இருக்கிறார். நான் இறங்கியபோது வண்டி ஆடியதை, நான் சரியாக உட்காருகிறேன் என்று நினைத்தாராம்.

அப்போது காதுக்குள் அவர் குரல்.

“நாச்சா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ குறுக்கப் பேச முடியாத நேரமாப் பாத்துத்தான் சொல்றேன். ரெண்டு வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான்—”

கொரகொரவென்று சத்தம். அவ்வளவுதான். வண்டி தூரமாகிவிட்டது.

லெட்சுமணன்தான் என்னைப் பார்த்து அலறினார். “அலமாக்! என்ன ஆச்சி, அண்ணன் போயிட்டாரு, நீங்க இங்க நிக்கிறீங்க?”

என் போன் அவர் வண்டிப் பெட்டியில். லெட்சுமணன் வண்டியில் ஏறினேன். வேகமாகப் போய்ப் பிடியுங்கள் என்றேன். “கடைசி வண்டி முந்தக் கூடாது ஆச்சி. குளுவாங்குல தேத்தண்ணி குடிக்க நிப்பாங்க, அங்க பிடிச்சிடலாம்” என்றார். சட்டம் பேச நல்ல நேரம் பார்த்தார்.

முப்பது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் செம்பனை. சாலை நேராகும் இடத்தில் எல்லாம் தூரத்தில் அவர் முதுகு தெரிந்தது, பின்னால் காலி ஸீட். பேசிக்கொண்டே போகிறார்! தலையை ஆட்டுகிறார். இடது கையைத் தூக்கி எதையோ விளக்குகிறார். ஒரு தடவை ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தி முகத்தைத் துடைத்தார். தூசியாக இருக்கலாம். என் வாழ்க்கையில் நடக்கிற ஏதோ ஒன்றை அந்த ஸீட்டுக்குச் சொல்கிறார், எனக்குச் சொல்லவில்லை. நான் யாரோ ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

குளுவாங்கில் நான் இறங்கி எதிரே போய் நின்றபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என்னைப் பார்த்தார், ஸீட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கேட்டேன், “என்ன சொன்னீங்க?”

“ஒண்ணுமில்ல. ரோட்டப் பத்தி.”

ரோட்டைப் பற்றியாம். ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ரோட்டையா பார்த்தாரு?

ஜூலை 14, திங்கள்

கிளப் செயலாளர் பெண்டாட்டி புஷ்பவள்ளி போன் செய்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. குளுவாங்கில் வண்டியை நிறுத்திவிட்டு இவர் திரும்பாமலேயே, “சொல்லு நாச்சா, இப்ப என்ன பண்ணலாம்? நீ சொல்றதுதான்” என்றாராம். பதில் வரவில்லை என்றதும், “கோவமா?” என்றாராம்.

நான் சொல்வதுதான் என்றால் எதைச் சொல்வது? என்னிடம் கேட்க வேண்டியது என்ன இருக்கிறது? இன்னொருத்தியை வைத்துக்கொண்டு அனுமதி கேட்பார்களா?

முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் என் பிறந்த நாளைக்கூட மறந்ததில்லை. இவரா? ஆனால் பணியாரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போகிறாரே. எவளோ ஒருத்தி என் கைப்பக்குவத்தைத் தின்றுவிட்டு டிஷ்யூவும் மடித்து அனுப்புகிறாளே. காளிதாஸ் என்று நினைத்து நான் அவளை மெச்சி வேறு எழுதியிருக்கிறேன், நாலாம் தேதி.

ஜூலை 15, செவ்வாய்

கேட்டேன். “ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல” என்றார். ரசத்தில் பெருங்காயம் தூக்கல் என்றும் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்

ஒரு தடவை தைரியமாகச் சொல்லிவிட்டார், அது வீணாகிவிட்டது. இரண்டாவது தடவை சொல்ல அவரால் முடியவில்லை என்று தோன்றுகிறது. பாவமாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது. எது முதலில் என்று தெரியவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மெதுவாக, “நாளைக்கு வெள்ளிக்கிழமை” என்றார். தெரியும் என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

மாவில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான். எவளாக இருந்தாலும் தின்னட்டும், இந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரியட்டும். என் ஆத்திரத்துக்கு அவ்வளவுதான் எட்டியது.

மாலை ஆறரை

எழுத முடியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வந்தார். டப்பாவை மேசையில் வைத்தார். காலி. ஒன்றுகூட மிச்சமில்லை. டிஷ்யூ இருந்தது. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் நெற்றியில் கை வைத்தார்.

“உனக்கு உடம்பு சரியில்லியா?”

“ஏன்?”

“பணியாரத்துல உப்பே இல்ல. அம்மாவுக்கு டெங்கி வந்தப்பதான் இப்படி உப்பில்லாமச் சுட்டாங்க, உடனே வீட்டுக்குப் போயிப் பாருங்க அப்பச்சின்னு ஒரே—”

நின்றுவிட்டார்.

டெங்கி வந்தபோது வீட்டில் இருந்தது மூன்றே பேர். நான், அவர், அப்போது இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சாரு. இவரை அப்பச்சி என்று கூப்பிடுகிறவளும் அவள்தான்.

எம் பொண்ணு. எம் பொண்ணா இத்தன நாளாத் தின்னது? ஆறிப்போன பணியாரத்த? இன்னிக்கு உப்பில்லாததையும் ஒண்ணு விடாமத் தின்னுட்டு, எனக்குக் காய்ச்சலான்னு கேட்டு விட்டிருக்கா. நான் அவளுக்கா உப்புப் போடாம—

அவர் வெளியே போய், நேற்றுக் கழுவிய மோட்டாரையே மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 19, சனி

யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. ஏமாற்றினார் என்று அவர் மேல் கோபப்படலாம். ஆனால் நேற்றுவரை நான் பயந்த பயத்துக்கு இது எவ்வளவோ மேல் என்று சாமி படத்துக்கு இரண்டு விளக்கு ஏற்றியிருக்கிறேன். கோபமும் விளக்கும் ஒன்றாக இருக்குமா?

ஜூலை 20, ஞாயிறு

“மைக்கைச் சரி பண்ணிடவா?” என்றார். வேண்டாம் என்றேன். கோத்தா திங்கி வரை ஒரு சுற்று போகலாம் என்றேன். ஏறி உட்கார்ந்து இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் திரும்பி, கையால் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

ஊர் எல்லை தாண்டியதும் சொன்னேன், “இப்பச் சொல்லுங்க.” அவருக்குக் கேட்காது. ஆனால் சொன்னார்.

வேலை இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடி பெஞ்சு. சாரு இரண்டு ரயில் மாறி வருவாளாம், அரை மணி நேரத்துக்கு. வந்ததும் முதல் கேள்வி, “அம்மா என்னப் பத்திக் கேட்டாங்களா?”

“கேட்டான்னுதான் ஒவ்வொரு வாரமும் சொல்லுவேன் நாச்சா. பொய்தான். பணியாரம் உனக்குன்னே அம்மா குடுத்து விட்டான்னும் சொல்லுவேன். தீபாவளிக்கு வரலாமான்னு கேக்குறா. அதுக்கு நான் பொய் சொல்ல முடியாதுல்ல. அன்னிக்குக் கல்யாணத்த ஏன் வேணாம்னான்னு உங்கிட்டச் சொல்லத்தான் வந்தா, நீ கேக்கல. அத அவளே சொல்லட்டும்.”

காரணம் என்ன என்று நான் கேட்டதே இல்லை. கேட்காமலேயே இரண்டு வருஷம் கோபப்பட்டிருக்கிறேன். ஹெல்மெட்டுக்குள் அழுவது சுலபமில்லை. மூக்கைக்கூடத் துடைக்க முடியாது.

மைக் வேலை செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? நிச்சயமாகக் குறுக்கே பேசிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

ஜூலை 22, செவ்வாய்

போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். கூப்பிட்டால் என் வார்த்தை என்ன ஆவது? இந்த வயதில் எனக்கு இருப்பது இந்த வார்த்தை ஒன்றுதான் என்பதுபோல் பிடித்துக்கொண்டிருக்கிறேனே. பைத்தியம்.

ஜூலை 24, வியாழன்

காலையில் சட்டி கழுவும்போது தோன்றியது. நான் கூப்பிடுகிற வரை அவள் வரக் கூடாது என்றுதான் சொன்னேன். நான் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

என் கடப்பிதழ், அதான் பாஸ்போர்ட், காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. “அந்த ஊர்ல எனக்கு என்ன இருக்கு”ன்னு வீம்புக்குப் புதுப்பிக்காமல் விட்டது. குடிநுழைவு அலுவலகத்தில் போட்டோ எடுத்த மலாய்ப் பெண் “சிரிக்கக் கூடாது மக்சிக்” என்றாள். நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

சிங்கப்பூர்ப் பாலத்தில் ஒரு மணி நேர ஜேம். வெயில். கிளம்பும் முன்பும், நடுவில் நின்று நகர்ந்தபோதும் மொத்தம் ஐந்து தடவை திரும்பி என்னைப் பார்த்தார். “இருக்கேன், ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றேன். மைக் இப்போது வேலை செய்கிறது.

அதே பெஞ்சு. மெலிந்துவிட்டாள். டப்பாவை நீட்டினேன். முதல் பணியாரத்தைக் கடித்ததும், “உப்பு சரியா இருக்கும்மா” என்றாள். அவர் எழுந்துபோய் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணத்தைச் சொன்னாள். முழுதும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். பாதி புரிந்தது. ஆனால் குறுக்கே பேசவில்லை.

கிளம்பும்போது, வழக்கம்போல் டப்பாவைக் கழுவ எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனாள். கழுவித் துடைத்து, டிஷ்யூவை மடித்து உள்ளே வைத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

“உங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். நீயே வீட்டுக்குக் கொண்டாந்து குடு” என்றேன்.

திரும்பி வரும்போது மடியில் டப்பா இல்லை. இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.