காலி வண்டிகளின் கால அட்டவணை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், உன் உடம்பும் மனமும் அப்படியே இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவைத் திறந்தேன். சொல்ல வந்ததை நடுவில் விட்டுவிடுவது என் வழக்கம் என்பதால், எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. வீட்டுச் செய்தி, உன் அத்தானின் வேலை விவகாரம் உட்பட.
2. நான் சங்கத்துக்கு வகுப்பெடுத்ததும் அதில் சறுக்கியதும்.
3. ஏழு பணிமனைகளிலும் வென்றது.
4. உன் அலுவலகத்தில் ஊழியர் பிரதிநிதியாக நீ நிற்கக் கூடாது என்பதும் அதற்கான காரணமும்.

அம்மா எட்டிப் பார்த்து, "பெத்த பொண்ணுக்கு எழுதுற கடுதாசிக்குமா டைம்டேபிள்" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவள் முழங்கால் வலி தேவலை, வாய் எப்போதும்போல் நன்றாக இருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது. உன் அத்தை மகன் விஷயம்தான் போன மாதம் எங்களைக் கலக்கிவிட்டது. இரவு பதினோரு மணிக்கு வண்டியை விட்டு இறங்கியவனை விடிகாலை நான்கு மணிக்கு மறுபடி ஏறச் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டும்போது கண் அசந்து, பேருந்து சாலை நடுவிலிருந்த திட்டில் ஏறிவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, ஆனாலும் கவனக்குறைவு என்று எழுதி அவனை இடைநீக்கம் செய்துவிட்டார்கள், அடுத்தது வேலைநீக்கம்தான் என்றும் பேச்சு. நம் வீட்டுக்கு வந்து கதவோர நாற்காலியில் உட்கார்ந்து, "மாமா, நான் குடிக்கலை, போன் பேசலை, தூக்கம் வந்துச்சு, அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னான். ஓய்வு பெறும்வரை மண்டல அலுவலகத்தில் நேரக் காப்பாளராக உட்கார்ந்து, அந்த மாதிரி ஐந்து மணி நேர இடைவெளிகளை முப்பத்தோரு வருடம் கட்டம் போட்டு எழுதியவன் நான்தானே.

இரண்டு நாள் கழித்துச் சங்கச் செயலாளர் வந்தார், பழைய மெக்கானிக், எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பணி முடிந்து அடுத்த பணிக்கு ஒன்பது மணி நேரமாவது ஓய்வு வேண்டும், உன் அத்தானைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று சங்கம் கேட்டதாம். சங்கம் இருப்பது எங்கள் பணிமனையில் மட்டும், ஆகவே மண்டலத்தின் ஏழு பணிமனைகளிலும் உள்ள ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பேரில் பாதிக்கு மேல் அந்த மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட்டால்தான் பேச்சு என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். கையெழுத்து வாங்கப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், அவர்களைப் பழக்கி அனுப்ப ஆள் வேண்டும். "ஏழு டிப்போவோட டூட்டியும் உங்க மண்டைக்குள்ளதான் சார் இருக்கு, நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்" என்றார். அம்மா உள்ளிருந்து, "நாலு பேர் பார்த்தாலே வேர்த்து ஊத்தும், இவரா பாடம் எடுக்கப்போறாரு" என்று சிரித்தாள். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் உன் அத்தான் உட்கார்ந்திருந்த நாற்காலி எதிரிலேயே கிடந்தது, தலையாட்டிவிட்டேன்.

ஐந்து மாலைகள், டயர் கிடங்கில் வகுப்பு. அவர்கள் டயர்மேல் உட்கார, நான் எழுதி வைத்ததைக் குனிந்த தலை நிமிராமல் வாசித்தேன். கையெழுத்துக் கேட்கும் முன் கஷ்டம் என்ன என்று கேளுங்கள், முடியாததைச் சொல்லாதீர்கள், மாட்டேன் என்கிறவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள் என்றெல்லாம் சொன்னேன். கூடவே ஓர் அட்டவணை கொடுத்தேன்: பணி மாறும் நேரத்துக்குப் போங்கள், அப்போதுதான் கூட்டம் அதிகம் என்று. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு பெண் நடத்துநர், உன் வயதுதான் இருக்கும். நிறுத்தத்தின் பெயரைக்கூடக் கத்திச் சொல்ல மாட்டாளாம், அதனால் மற்றவர்கள் வைத்த பெயர் சைலன்சர். ஐந்து நாளும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இவள் இந்த வேலைக்கு ஆகமாட்டாள், விட்டுவிடலாம் என்று ஸ்பேனரிடம் தனியாகச் சொன்னேன். "இருக்கட்டும் சார், ஆள் பத்தலை" என்றார்.

முதல் வாரக் கையெழுத்து முப்பத்து நான்கு. பணி மாறும் நேரத்தில் இறங்கியவன் வீட்டுக்கு ஓடுகிறான், ஏறுகிறவன் வண்டிக்கு ஓடுகிறான், நின்று பேச யாருக்கு நேரம்? இத்தனை வருடம் ஜன்னல் வழியே அவர்களுடைய நேரத்தைக் குறித்தவன், ஓடுவதைப் பார்க்கவே இல்லை. ஆனால் முப்பத்து நான்கில் பத்தொன்பது சைலன்சர் வாங்கியது. எப்படியம்மா என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "காலி வண்டியில போனேங்க சார்" என்றாள். கடைசி நிறுத்தத்தில் பயணிகளை இறக்கிவிட்டு வண்டி காலியாகப் பணிமனைக்குத் திரும்பும் அல்லவா, அதில் பணியாளர் யாரும் ஏறிக்கொள்ளலாம். ஓட்டுநர், நடத்துநர் இருவர்தான், அரை மணி நேரம், வேறு காது கிடையாது. முன்னிருக்கையில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வருவாளாம், பணிமனையில் வண்டி நின்ற பிறகே தாளை எடுப்பாளாம்.

மகளே, காலி ஓட்டங்கள் பயணிகளுக்கான அட்டவணையில் இருக்காது, ஆனால் என் தலைக்குள் இருந்தன. சாப்பாட்டு மேசையில் தாளைப் பரப்பி மூன்று நாளில் ஏழு பணிமனைகளின் காலி ஓட்டம் இருநூற்றுப் பன்னிரண்டையும் நேரத்தோடு எழுதி, பன்னிரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்தேன். எப்படிக் கேட்பது என்று சைலன்சரையே வகுப்பெடுக்கச் சொன்னேன், பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். இரண்டாம் வாரம் நானூறு தாண்டியது. இருபத்தெட்டாம் தேதி எண்ணினோம், ஆயிரத்து இருநூற்று அறுபத்து மூன்று. நான் இரண்டு முறை எண்ணினேன், ஸ்பேனர் பொறுக்க முடியாமல், "குறையாது சார், விடுங்க" என்றார். நிர்வாகம் உட்கார்ந்து பேசியது. ஒன்றாம் தேதியிலிருந்து ஒன்பது மணி நேர ஓய்வு, உன் அத்தானின் இடைநீக்கமும் ரத்து.

பணிமனை முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். சைலன்சரைப் பேசச் சொன்னதற்கு, "நான் ஒண்ணும் பேசலைங்க, அவங்க பேசுனாங்க, நான் பேனா குடுத்தேன்" என்று சொல்லி இறங்கிவிட்டாள். அப்புறம் என்னைத் தள்ளிவிட்டார்கள். சட்டைப் பையில் புதிய பணி அட்டவணை இருந்தது, அதை எடுத்து வாசித்தேன். முதல் பணிமனை, இரவு பதினோரு மணிக்கு இறங்குபவர் மறுநாள் காலை எட்டுக்கு முன் ஏற வேண்டியதில்லை என்றேன், கைதட்டினார்கள். ஏழு பணிமனைக்கும் வரிவரியாக வாசித்தேன், வரிக்கு வரி கைதட்டல். உன் அத்தான் விசிலே அடித்தான். அம்மா வீட்டுக்கு வந்து, "பரவாயில்லை, டைம்டேபிளை வெச்சே ஊரைக் கூட்டிட்டீங்க" என்றாள்.

இனி நான்காவது. பிரதிநிதியாக நிற்கலாமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாயே, நீ நிற்க வேண்டாம். நீ என்னைக் கொண்டு பிறந்தவள், நாலு பேர் நடுவில் வாய் திறக்க மாட்டாய். பேசத் தெரிந்தவர்கள் நிற்கட்டும், நீ ஒதுங்கி இரு, மனம் நோகாது.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. எல்லா நலமும் பெற்று நீ நெடுங்காலம் வாழ எங்கள் இருவரின் ஆசியும்.

உன் அன்பு அப்பா

பின்குறிப்பு: உறையில் போடும் முன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டு, "அப்ப அந்தச் சைலன்சர் பொண்ணு மட்டும் பேசியா ஜெயிச்சா" என்று கேட்டாள். நான்காவது எண்ணில் எழுதியது தவறு. பேனாவால் எழுதியதால் அழிக்க முடியவில்லை, நீயே அடித்துவிடு.