கட்டிலுக்கு எதிரே ஓர் அட்டை

ஈஜிபுரா, பெங்களூர்
12.6.2002

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? அம்மா தூங்குகிறார்களா?

ஆபீசில் ஒரு சின்னக் கூத்து, பயப்பட ஒன்றுமில்லை. மற்ற மெஷின்கள் எங்கே இருக்கின்றன என்று எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே சர்வரிடம்தான் விலாசம் கேட்கும். ஒருமுறை கேட்டதை நாள் முழுக்க ஞாபகம் வைத்திருக்கும். மெஷின்களை இடம் மாற்றும்போது மட்டும், பழைய விலாசம் தங்கிவிடாதபடி அந்த ஞாபகத்தை நிறுத்தி வைப்போம். மாற்றி முடித்ததும் அதைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் எல்லா கம்ப்யூட்டரும் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்க, சர்வர் படுத்துவிட்டது.

மேனேஜர் லாயிட் கத்தவில்லை. "எதுக்குமே ஞாபகம் இல்லாட்டி, அது ஒண்டியா எத்தனை தடவைம்மா பதில் சொல்லும்?" என்றார்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. உங்களைத்தான் நினைத்தேன். "பியூலா எங்க?" என்று அம்மா மறந்து மறந்து கேட்கும்போதெல்லாம் நீங்கள் ஒருவர்தானே பதில் சொல்கிறீர்கள்.

இதோடு ஓர் அட்டை அனுப்பியிருக்கிறேன். 'பியூலா பெங்களூரில் வேலைக்குப் போயிருக்கிறாள்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அம்மாவின் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிடுங்கள்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. அட்டையைப் படித்துவிட்டு, "யாரு பியூலா?" என்று கேட்டால் மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

மகள்,
பியூலா