என்னைக் காட்டிக்கொடுத்த அண்ணிக்கு

என் கோபத்தையெல்லாம் தாங்கிய அண்ணி,

இன்று காலை கிளினிக்கில் சோதனை முடிவு சொன்னார்கள். வயிற்றில் மருந்துத் தண்ணீரை நான்கு மணி நேரம் நிறுத்திப் பார்ப்பார்களே, அதேதான். என் வயிற்றுச் சவ்வு இன்னும் நன்றாக வேலை செய்கிறதாம். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அந்த மெல்லிய சவ்வுதானே எனக்குச் சல்லடை? சீனி கலந்த மருந்துத் தண்ணீர் அதன் வழியாகக் கழிவையும் மிச்ச நீரையும் இழுத்துக்கொள்ளும். பிறகு குழாய் வழியே வடித்துவிடலாம். வீட்டிலேயே செய்துகொள்வதால்தான் சிகாமட்டில் இன்னும் பள்ளி வேன் ஓட்டுகிறேன். சவ்வு கெட்டால் வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். வேனை மறந்துவிட வேண்டியதுதான்.

எல்லாம் அந்தத் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் தொடங்கியது. எந்த வீட்டிலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழு வீட்டிலும் சிராப் சர்பத் குடித்துவிட்டு வந்து, சீனி கூடுதலான மருந்துத் தண்ணீர்ப் பையைப் போட்டேன். கால் வீக்கம் மளமளவென்று வடிந்தது. அடடா, இவ்வளவு சுலபமா என்று தினமும் அதையே போட ஆரம்பித்தேன். சீனி குறைந்த பைகளின் பெட்டிகள் பிரிக்காமலே கிடந்ததை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள்.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி அந்தப் பையை எத்தனை தரம் போடுகிறேன் என்று கேட்டபோது, “எப்பவாச்சும்தான்” என்றேன். என் கணவரின் அக்காவாய்க் கூடவே வந்த நீங்கள் விட்டீர்களா?

“மிஸ்ஸி, இவ பொய் சொல்றா. தெனமும் அந்தப் பைதான். வேணும்னா என் தம்பியக் கேளுங்க!”

“அலமாக்! இப்படியே போட்டா சவ்வு கெட்டுப்போகும்லா,” என்றார் மிஸ்ஸி. “அது சீனிய சீக்கிரமா உறிஞ்சிக்கும். அப்புறம் தண்ணி சரியா வெளிய வராது.”

அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டீர்களே! நாத்தனார் புத்தியைக் காட்டிவிட்டாள் என்று இரண்டு மாதம் உங்களோடு பேசவில்லை. பையை மாற்றினார்கள், நானும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். நீங்கள் ஆக்கிவைத்த சோற்றைத் தின்றேன். நன்றி மட்டும் சொல்லவில்லை. பிறகு பேசத் தொடங்கியும் அதைச் சொல்லவில்லை. திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும், அண்ணி?

இன்று எனக்குப் பக்கத்தில் ஒருவர், “எல்லாம் டாக்டர் சொன்னபடிதான் போடுறேன்” என்று மிஸ்ஸியிடம் அடித்துச் சொன்னார். அவர் மனைவி கைப்பையைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண்ணின் காதருகே குனிந்தேன்.

“உள்ளத சொல்லிடுங்கக்கா. கோவிச்சிக்குவாரு, பேசமாட்டாரு, பரவால்ல. உசுரோட இருந்து கோவிச்சிக்கட்டும்.”

அந்த அக்கா எழுந்து மிஸ்ஸியிடம் போனார்.

இனி யார் கேட்டாலும் உள்ளதை நானே சொல்லிவிடுவேன், அண்ணி. சத்தியம்.

உங்கள் தம்பி மனைவி,
உங்களுக்குத் தங்கச்சியாகத் தாமதமாய் வந்து சேர்ந்த
சரசு