கழுத்துப்பட்டியில் ஒரு பெயர்

ஹார்லோ, மாசசூசெட்ஸ்
1775 டிசம்பர் 5, செவ்வாய்

மதிப்புக்குரிய கணவர் சைலஸ் அவர்களுக்கு மெஹிடபெல் எழுதுவது.

பிராவிடன்ஸ் துறைமுகத்தில் நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இங்கே பன்றி அறுத்து உப்புப் போட்டாயிற்று. மேற்குப் பக்கக் கூரை ஒழுகுகிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். மற்றதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பாஸ்டனைச் சுற்றிக் காவல் கிடக்கும் நம் ஊர்ப் படையிலிருந்து, விதவை டார்கஸின் மகன் லேவி ஞாயிற்றுக்கிழமை வந்தான். இருமல் நிற்கவில்லை. நம் மகன் ஏனோக் கூடாரத்தில் குளிர்காய்ச்சலோடு படுத்திருக்கிறானாம். நம் ஊர்ப் பெண்கள் படைக்குத் தைத்துக் கொடுத்த கோட்டுகளில் கிழிந்துபோன இருபத்திரண்டை லேவி வண்டியில் கொண்டுவந்திருக்கிறான். தைத்தவர்களே கிழிசலைச் சரிசெய்து வியாழக்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும் என்று படைத்தலைவர் உத்தரவு. யார் தைத்தது என்று தேட வேண்டியதில்லை. கழுத்துப்பட்டிக்குள் தைத்தவள் பெயரும் ஊர்ப் பெயரும் இருக்க வேண்டும் என்பதுதானே மாகாண சபை போட்ட விதி.

ஜெபக்கூடத்து வாசலில், எல்லோர் முன்னாலும், லேவி தன் தாயிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்கம்மா தச்சதுன்னு முகாம் பூரா பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்மா. ஒரு மழைக்குத் தாங்கல, கை தனியா கழண்டு வந்திருச்சு. நாட்டுக்குத் தைக்கணும்னா மட்டும் உங்க ஊருப் பொம்பளைங்களுக்குக் கை வலிச்சிருமாடான்னு கேக்குறானுங்க." டார்கஸ் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

அவள் இடக்கைக்காரி. அவள் போடும் தையல் இடப்பக்கம் சாயும், அது ஊருக்கே தெரியும். பட்டியில் இருந்த பெயர் அவள் தைத்ததுதான். கோட்டின் தையலோ முழுக்க வலப்பக்கம் சாய்ந்திருந்தது. துணியும் கோடை முழுவதும் நாங்கள் நூற்று நெய்த கம்பளி இல்லை, விரலால் அழுத்தினாலே பொத்துக்கொள்ளும் மட்டமான சரக்கு.

வீட்டுக்கு வந்து கொட்டகையைத் திறந்தேன். படைக்கு அனுப்பும் கோட்டுகளை மூட்டை கட்ட வேண்டும் என்று சொல்லி மூன்று நாள் பூட்டி வைத்திருந்தீர்களே, அதைத்தான். பலகை இடுக்கில் நீல நூல் துணுக்குகள் கிடந்தன. பெயர்ப் பட்டி தைப்பதற்கென்று நானே சாயம் போட்டு எல்லோருக்கும் கொடுத்த நூல் அது. கப்பல்காரர்கள் கம்பளிக் கோட்டுக்குப் பறக்கிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். எந்தக் கம்பளி என்று கேட்கத் தோன்றாமல், பாதிரியாரிடம் அதைப் பெருமையாக வேறு சொல்லிவைத்தேன். இத்தனை வருடம் உங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டேன் என்பதே அருவருப்பாக இருக்கிறது. திருடியதைக் கம்பளியோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? எங்கள் பெயர் இருந்த பட்டியையும் பிரித்தெடுத்து அந்தக் கந்தலில் வைத்துத் தைக்க வேண்டுமா?

நேற்றும் இன்றும் நானும் டார்கஸும் உட்கார்ந்து, அந்தக் கோட்டுகளை முடிந்தவரை சரிசெய்தோம். பெண்களின் பெயர்களையெல்லாம் பிரித்து எடுத்துவிட்டோம். ஆனால் விதி விதிதான், வெறும் பட்டியோடு அனுப்ப முடியாது. ஆகவே இருபத்திரண்டிலும் உங்கள் பெயரைத் தைத்திருக்கிறேன். நீல நூலில் எழுத்து நன்றாக வந்திருக்கிறது. பிராவிடன்ஸ் என்று ஊரும் போட்டிருக்கிறேன், தேடி வருகிறவர்கள் அலைய வேண்டாம் பாருங்கள்.

வண்டி நாளை மறுநாள் புறப்படும். விற்காமல் மிச்சமிருக்கும் நல்ல கோட்டுகளை எடுத்துக்கொண்டு நீங்களே முகாமுக்குப் போய்விடுங்கள். முதல் கோட்டை ஏனோக்கிற்குப் போர்த்துங்கள். அவன் கோட்டு இந்த வண்டியில் வரவில்லை. என் பெயர் இருப்பதால், அம்மா தைத்தது என்று சொல்லிக் கழற்ற மறுத்துவிட்டானாம். அதை நான் தைக்கவில்லை என்று அவனிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதுவரைக்கும் ஆண்டவர் அவன் உடம்பில் சூட்டை வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏனோக்கின் தாய்
மெஹிடபெல்